அவுக பேசிக்கிட்டே போயிட்டாக

எண்பதுகளின் நடுவில் தாராவியில் ஒரு தோல்பைப் பட்டறைக்கு மேலே குடியிருந்தேன். மேலே என்றால் மாடி அல்ல. பட்டறையின் கூரைக்குக் கீழே பலகை அடித்து, ஏணி வைத்து ஏறுகிற அரைத்தளம். பம்பாயில் அதற்கு மாலா என்று பேர். உள்ளே நிமிர்ந்து நின்றால் தலை தகரத்தில் இடிக்கும். ஊருக்கு எழுதுகிற கடிதங்களில் ‘மேல்தளத்தில் வசிக்கிறேன்’ என்று எழுதினேன். பொய் என்று சொல்ல மனம் வரவில்லை. உருவகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பகலில் கோட்டைப் பக்கம் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். சாயங்காலம் பட்டறையில் வெட்டிப் பேச்சு. அந்தப் பட்டறையில்தான் நான் ஒரு மதத்தை உண்டாக்கினேன். ஏழு மாதம் நடந்தது. மொத்தம் மூன்று பேர் இருந்தோம். அதில் ஒருவர் நம்பவில்லை, ஒருவருக்குப் புரியவில்லை, மூன்றாவது ஆள் நான்.

பட்டறை முதலாளி தென்காசிப் பக்கத்து பாய். எங்கள் சந்திலேயே டெலிபோன் இருந்தது அவரிடம் மட்டும்தான். கறுப்பாக, கனமாக, தோல் கட்டுகளுக்கு நடுவே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருக்கும். சந்தில் யாருக்கு எங்கிருந்து அழைப்பு வந்தாலும் அதில்தான் வரும். அந்த வருஷம் முதல் மழையில் அது செத்துப்போனது. தண்ணீர் கேபிளுக்குள் இறங்கிவிட்டதாம். பம்பாயில் டெலிபோன் ‘கெட்டுப்போகாது’, செத்துத்தான் போகும். எக்ஸ்சேஞ்சில் கேட்டால் அவர்களும் ‘டெட்’ என்றுதான் சொல்வார்கள். பாய் மட்டும் தன் வழக்கப்படி “மவுத்தாயிடுச்சு” என்பார்.

செத்ததற்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று ஒரு நாள் மாட்டுங்காவிலிருந்து வரும்போது செவ்வந்தி மாலை ஒன்று வாங்கி வந்து அதன் கழுத்தில், அதாவது ரிசீவர் தாங்கியில், போட்டேன். பாய் கத்தரியை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

“எடும்வே அதை. விளையாட்டுக்குக்கூட படைச்சவனுக்கு இணை வைக்கக் கூடாது. மாலை, சூடம், பொட்டு, ஒண்ணும் இங்க நடக்கப்படாது.”

“வாயால பேசிக்கிடலாமா பாய்?”

“உம்ம வாயை அடைக்க இந்தத் தாராவியில தோல் போதாதுவே. பேசித் தொலையும்.”

இப்படித்தான் எங்கள் மதத்துக்கு உருவமும் இல்லை, பூசையும் இல்லை என்று ஆயிற்று. வெறும் சொல். சொல் மட்டும்தான் என்றால் அதை எத்தனை தூரம் இழுக்கலாம் என்று பார்க்க எனக்கு ஆசை வந்தது. டெலிபோன் செத்துக் கிடப்பதை ‘சமாதி’ என்றேன். லைன்மேன் ‘தூதர்’. ராங் நம்பர் ‘அசரீரி’. ரிசீவரை எடுத்தால் கேட்க வேண்டிய அந்த ஒற்றை ஒலிக்கு, அது வராததால், ‘ஆதிநாதம்’ என்று பெரிய பேர்.

மந்திரம் மட்டும் தானாகக் கிடைத்தது. லைன்மேன் ஒரு மராட்டியக்காரர். எப்போது போய் நின்றாலும் “பகதோ” என்பார். ‘பார்க்கிறேன்’ என்று அர்த்தம். பார்க்கவே மாட்டார். எங்கள் பட்டறையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த மாஸ்டருக்கு மராட்டி சுத்தமாகத் தெரியாது. அது ஏதோ பகவான் பேர் என்றே நினைத்திருந்தார். நான் திருத்தவில்லை. வேலை தொடங்கும்போது “பகதோ” என்று சொல்லி ஊசியில் நூல் கோர்ப்பார். நூல் ஒரே தடவையில் நுழைந்துவிட்டால் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார். எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. இவர் என்னைக் கேலி செய்கிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

கேலி மதத்தில் இதுதான் தொல்லை. நிஜமான மதத்தில் ஒருவர் உவமை சொன்னால், கேட்கிறவர் அதன் பொருளைத் தேடுவார். எங்களுடையதில் பொருள் முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தது, செத்துப்போன ஒரு டெலிபோன், அவ்வளவுதான். உவமையைத்தான் தேடித் தேடிப் போட்டுக்கொண்டிருந்தோம். எதற்கு இத்தனை போர்வை என்று வெளியிலிருந்து ஒருவர் கேட்டால் பதில் கிடையாது. அப்படிக் கேட்க ஒருவர் வரப்போகிறார் என்று நான் நினைக்கவில்லை.

நான் பிறவியிலேயே சந்தேகக்காரன். சந்தில் எல்லோரும் வந்து வந்து பேசுகிற தொல்லை பொறுக்காமல் பாயே வயரைப் பிடுங்கிவிட்டாரோ என்று எனக்கு ஒரு எண்ணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்காலியிலிருந்து வயரைப் பிடித்துக்கொண்டே கூரை வரைக்கும் தவழ்ந்து போனேன். பின்னால் பாயின் குரல் கேட்டது.

“என்னவே, சாமிக்குக் கால் அமுக்கி விடுதீரோ?”

வயர் ஒழுங்காகத்தான் இருந்தது. என் முட்டிதான் தேய்ந்தது.

அந்த மதத்தில் நான் செய்த மிகப் பெரிய கண்டுபிடிப்பு ஒரு விதி. சாமி பேரை வாயால் சொல்லக் கூடாது. பின்னே எப்படிக் குறிப்பிடுவது? எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள். ‘அவுக’ என்பார்கள். அவுக வந்தாக, அவுக சாப்பிட்டாக. அதையே எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து எங்கள் டெலிபோன் ‘அவுக’ ஆனது.

“அவுக எப்படி இருக்காக மாஸ்டர்?”

“சமாதியிலதான் இருக்காக. தூதரு காலையில வந்தாரு.”

“என்ன சொன்னாரு?”

“பகதோன்னாரு.”

பாயே ஒரு தடவை வாய் தவறி “அவுக மேல தோலைப் போடாதீகடே” என்றார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து மாலாவில் ஏறிப் படுத்துச் சிரித்தேன். தகரத்தில் தலை இடித்தது.

பைகளுக்கு உள்துணி தைத்துக் கொடுக்கிற அக்கா ஒருவர் சந்தின் கடைசியில் இருந்தார். தூத்துக்குடிப் பக்கம், கிறிஸ்தவக் குடும்பம். புருஷன் வளைகுடாவில் வெல்டர். அக்கா துணிக் கட்டோடு பட்டறைக்கு வரும்போது முதலில் டெலிபோனைப் பார்ப்பார், பிறகு எங்களை. காரணம் எங்களுக்குத் தெரியும். நாலு மாதமாகப் புருஷனிடமிருந்து கடிதம் இல்லை. அதற்கு முன் மாதம் இரண்டு தவறாமல் வரும். அவர் நொட்டாங்கைக்காரர். இடது கையால் எழுதும்போது ஈர மையின் மேலேயே கை போகுமாம். அதனால் ஒவ்வொரு வரியும் இழுவியிருக்கும். “உறையைப் பாத்தாலே போதும், அவுக எழுத்து இழுவுன எழுத்து” என்று அக்கா ஒரு தடவை பெருமையாகக் காட்டியிருக்கிறார்.

என்னைவிடச் சந்தேகம் பிடித்த ஒரு ஆளை அந்தச் சந்தில் நான் பார்த்தது உண்டென்றால் அது அக்காதான். நாலு மாதத்தில் அவர் சந்தேகப்படாத ஆள் பாக்கியில்லை. தபால்காரரைச் சந்தேகப்பட்டார். வளைகுடாவிலிருந்து லீவில் வந்த பக்கத்துச் சந்துக்காரர் ஒருவர் தன்னைப் பார்த்ததும் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்ததைச் சந்தேகப்பட்டார். கடைசியாக எங்களிடம் வந்தார்.

“தம்பி, ஒண்ணு கேக்கேன். நான் உள்ள வந்ததும் நீங்க மூணு பேரும் ஒரு பாஷை பேசுதீக. அது என்ன?”

“சும்மா விளையாட்டுக்கா.”

“சமாதின்னீக. யாருக்குச் சமாதி?”

“இந்த போனுக்குத்தான்.”

“தூதர் வந்தாரு, சேதி ஒண்ணும் சொல்லலைன்னீக. எந்தச் சேதி?”

“லைன்மேனைச் சொன்னோம்க்கா.”

அக்கா ஒவ்வொரு துணியாக எண்ணி வைத்தார். “போன் கெட்டுப்போச்சுன்னு சொல்ல உங்களுக்கு வாய் வலிக்குமா? ஒரு விஷயத்தை நேரா சொல்லாம சுத்திச் சுத்திச் சொல்லுதாகன்னா, உள்ள சொல்ல முடியாத ஒண்ணு இருக்குன்னுதான் நான் நினைப்பேன்.”

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது தப்பு, ஆனால் நியாயம். சிரிப்பதற்காகச் சுற்றிப் பேசுகிறவனும் மறைப்பதற்காகச் சுற்றிப் பேசுகிறவனும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். அன்றோடு நிறுத்தியிருக்க வேண்டும். என்னைப் போன்றவர்கள் நிறுத்த மாட்டோம். அக்கா வரும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டோம். அது இன்னும் மோசம் என்று இப்போது தெரிகிறது.

மார்கழி வாக்கில் டெலிபோனுக்கு உயிர் வந்தது. நாலைந்து நாள் நன்றாகப் பேசியது. ஒரு சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கீழே மணி அடித்தது. நீளமான மணி, வெளிநாட்டு மணி. மாஸ்டர் எடுத்தார். “ஹலோ, ஆமா, தாராவி. அக்காவையா? இருங்க, இருங்க” என்று கத்தினார். எதிரில் நின்ற யாரோ ஓடிப்போய் அக்காவைக் கூப்பிட்டார்கள். அதற்குள் இங்கே “ஹலோ, ஹலோ” என்ற மாஸ்டரின் குரல் தேய்ந்துகொண்டே போனது. ரிசீவரை ஆட்டிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

அக்கா தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே வாசலுக்கு வந்துவிட்டார். கையில் ஊசி இருந்தது.

“என்ன மாஸ்டர்? என்ன சொன்னாக?”

மாஸ்டர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஏழு மாதப் பழக்கத்தில் சொன்னார்:

“நல்லாத்தாங்க்கா பேசிக்கிட்டு இருந்தாக. பேசிக்கிட்டே இருக்கையில அப்படியே போயிட்டாக.”

உள்ளேயிருந்து பாய், தலையைக்கூடத் தூக்காமல், “மறுபடியும் மவுத்தா?” என்றார்.

அக்கா பக்கத்திலிருந்த தோல் கட்டின் மேல் உட்கார்ந்தார். ஊசியை மட்டும் பத்திரமாகச் சேலையில் குத்திக்கொண்டார். நான் ஏணியில் பாதியில், சட்டையில்லாமல், ஒரு காலைத் தொங்கவிட்டபடி நின்றேன். என்ன நடந்துவிட்டது என்று எனக்குத்தான் முதலில் புரிந்தது. உண்டாக்கியவன் நான்தானே.

“அக்கா! அவுகன்னா போனு! போனைச் சொன்னாரு!”

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“போனை யாராச்சும் அவுகன்னு சொல்லுவாகளா?”

 நாங்கள் சொல்வோம் என்றேன். ஏழு மாதமாகச் சொல்கிறோம். சாமி பேரைச் சொல்லக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது அக்கா. சொல்லச் சொல்ல, இழவு வீட்டில் உண்மையை மறைக்க மூன்று ஆண்கள் அவசரமாகக் கட்டின கதை மாதிரியே எனக்கும் கேட்டது. மாஸ்டர் பதறிப்போய் “சத்தியமா அக்கா, பகதோ மேல சத்தியமா” என்றார். அதோடு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போனது.

பாய்தான் எழுந்து வந்து மண்டியிட்டு உட்கார்ந்தார். “தாயி, நான் அஞ்சு வேளை தொழுவுதவன். பொய் சொல்ல மாட்டேன். செத்தது இந்தப் பெட்டிதான்.”

அக்கா மாஸ்டரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். “பேசினது யாரு? அவுக குரலா? இல்லை, கூட வேலை பாக்குதவுக யாராச்சுமா?”

மாஸ்டர் நடந்ததைச் சொன்னார். லைன் கரகரவென்று இருந்தது. ‘தாராவியா? அக்காவைக் கூப்பிடுங்க’ என்று ஒரு ஆண் குரல். அவ்வளவுதான் தெரியும். யார் என்று தெரியாது.

அப்போது எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. நாலு மாதம் கடிதமில்லாத ஒருவரைப் பற்றி, தெரியாத ஒரு குரல் எதற்குக் கூப்பிடும்? 

மறுநாள் அலுவலகத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, அக்காவிடம் புருஷனின் விலாசத்தை வாங்கிக்கொண்டு மாட்டுங்கா தந்தி ஆபீசில் நின்றேன். ஏழு மாதம் வார்த்தையை ஜவ்வாக இழுத்தவன், தந்திப் படிவத்தில் ஆறே வார்த்தை எழுதினேன். மனைவி கலக்கம், பதில் தந்தி, ஞாயிறு டெலிபோன். தந்தியில் உவமைக்கு இடமில்லை. அத்தனை சுத்தமான வாக்கியத்தை அதற்கு முன் நான் எழுதியதில்லை.

நாலாம் நாள் பதில் வந்தது. ‘நலம், ஞாயிறு பேசுகிறேன்’ என்று ஆங்கிலத்தில். நான் படித்துச் சொன்னேன். அக்கா வாங்கிக்கொண்டுபோய் அவர்கள் கோயில் உபதேசியாரிடமும் படிக்கச் சொல்லிக் கேட்டார். அவரும் அதையே சொன்னார். திரும்பி வந்து தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இதுல மை இழுவலையே தம்பி.”

“இது மெஷின்ல அடிக்கிறதுக்கா.”

“அதைத்தான் சொல்லுதேன். மெஷினு யாரு சொன்னாலும் அடிக்கும்.”

ஆக, அந்த டெலிபோன் பிழைத்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள். நான் தினமும் காலையில் வேலைக்குப் போகும் வழியில் எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன். லைன்மேன் வருகிறாரா என்று சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் காத்துக் கிடந்தேன். அவர் “பகதோ” என்றால் கையைக் கூப்பினேன். வீட்டுக்கு வந்ததும் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, கண்ணை மூடி, அந்த ஒலி வருகிறதா என்று கேட்டேன். கேலிக்காக நான் சொன்ன அத்தனையும் இப்போது நிஜமாகவே செய்துகொண்டிருந்தேன், ஒன்றைக்கூட விடாமல். பாய் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. அது எனக்குச் சந்தேகமாகவும் அவமானமாகவும் இருந்தது.

முதல் ஞாயிறு போயிற்று. டெலிபோன் வாய் திறக்கவில்லை. அக்கா வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, எங்களில் யாரையும் பார்க்காமல் எழுந்து போனார். புதன்கிழமை லைன்மேன் நிஜமாகவே வந்தார். சந்து முனையில் ஒரு பெட்டியைத் திறந்து ஏதோ முறுக்கினார். போகும்போது என்னிடம், “ரோஜ் ரோஜ் காய்கோ ஆதா ஹை?” என்று எரிச்சலாகக் கேட்டார். தினமும் எதற்கு வருகிறாய் என்று. 

அடுத்த ஞாயிறு பதினோரு மணிக்கு மணி அடித்தது. யாரும் தொடவில்லை. அக்காவே எடுத்தார். நாங்கள் மூன்று பேரும் திடீரென்று தோல்களைப் புரட்டிப் பார்க்கத் தொடங்கினோம்.

“ஹலோ... யாரு? நீங்கதானா? நீங்கதான்னு எப்படி நம்ப? கரகரன்னு இருக்கு. அப்பம் சொல்லுங்க, நம்ம வீட்டுக் கதவு எந்தப் பக்கம் தொறக்கும்?”

 பாய் கையில் தோல் அப்படியே நின்றது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

“ஆமா. சாக்குதான் தொங்குது. இன்னும் கதவு போடலை.” சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “ஒண்ணுமில்ல, சளி. அன்னைக்குக் கூப்பிட்டதும் நீங்கதானா? சரி. பின்ன ஏன் கடுதாசி இல்லை?”

இந்தத் தடவை அவர் நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “ம்” என்றார். மறுபடியும் “ம்”. “எந்தக் கையி?” என்றார். “சரி, பாத்துக்கிடுங்க” என்று வைத்துவிட்டார்.

மாஸ்டர் மெஷினை விட்டு எழுந்தேவிட்டார். “அக்கா, அண்ணந்தானே?”

“அவுகதான்.”

“ஏன் எழுதலையாம்?”

“வேலையில கையில அடி பட்டுச்சாம். வலது கையி. எழுத முடியலையாம் நாலு மாசமா.”

“ஐயோ பாவம்” என்றேன் நான், வழக்கம்போல முந்திக்கொண்டு. பாயும் உச்சுக்கொட்டினார். சொன்ன பிறகுதான் எனக்கு அந்த நொட்டாங்கை இழுவின மை ஞாபகம் வந்தது. பாயைப் பார்த்தேன். அவருக்கும் வந்துவிட்டிருந்தது. மாஸ்டர் மட்டும் இன்னும் சந்தோஷமாக இருந்தார்.

அக்கா துணிக் கட்டை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம் என்பதையும் அவர் கண்டுபிடித்துவிட்டார். அந்த அம்மாளிடம் எதுவும் தப்பாது.

“பொய் சொல்லுத அளவுக்குச் சொகமாத்தான் இருக்காக” என்றார். “அது போதும் இப்பதைக்கு. பாக்கியை லீவுல வரையில நேர்ல கேட்டுக்கிடுதேன்.”

வாசல் வரைக்கும் போனவர் திரும்பினார். முக்காலியைக் காட்டி என்னிடம் சொன்னார்:

“அதைத் தொடைச்சு வைங்க தம்பி. அது நல்லா வேலை செய்யுது.”

அன்றிலிருந்து பட்டறையில் எல்லோரும் அதை ‘அது’ என்றுதான் சொன்னோம்.